‘நல்லாத்தான் இருக்கேன்’: அமெரிக்கக் கறுப்பின ஆண்களும் மனநல உதவியும்

2010 ஜூன் 17. லாஸ் ஏஞ்சலஸில் என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் அணியை லேக்கர்ஸ் அணி 83-79 என்ற கணக்கில் வென்று கோப்பையை வாங்கியது. கடைசி நிமிடங்களில் முக்கியமான மூன்று புள்ளிகளைப் போட்டவர் ரான் ஆர்ட்டெஸ்ட். முரடர் என்று பெயர் வாங்கியவர். 2004-இல் ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் வரிசைக்குள் ஏறிப்போய் ரசிகர்களோடு கைகலந்து, அந்தப் பருவத்தின் மிச்சம் முழுக்கத் தடை வாங்கி வெளியே உட்கார்ந்தவர். வெற்றிக் களிப்பில் அவரிடம் மைக்கை நீட்டினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன கையோடு தன் மனநல மருத்துவருக்கும் நன்றி சொன்னார். பதற்றத்தைக் குறைத்துக்கொள்ள அவர்தான் உதவினார் என்றார்.

நேரலையில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நிறையப் பேருக்கு அது ஜோக். ஆர்ட்டெஸ்ட் அப்படித்தான், எதையாவது உளறுவார் என்று சிரித்தார்கள். அவர் அசரவில்லை. ஜெயித்த மோதிரத்தையே குலுக்கலில் விட்டு, வந்த பணத்தை மனநலப் பணிகளுக்குக் கொடுத்தார். ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

எட்டு வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில், டிமார் டிரோஸன் என்ற இன்னொரு நட்சத்திர வீரர் தன் மனச்சோர்வு பற்றி ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே கெவின் லவ் என்ற வெள்ளை வீரர், டிரோஸனைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்று தன் கதையை எழுதினார். 2019-20 பருவத்திலிருந்து ஒவ்வொரு அணியும் மனநல நிபுணர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று என்பிஏ விதி போட்டது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? நட்சத்திர வீரருக்கு ஓரளவு தீர்ந்தது. டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டுகிறவருக்கும் மிசிசிப்பியில் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவருக்கும் தீர்ந்ததா என்பதுதான் கேள்வி. அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பதை ‘ஸ்டிக்மா’ என்கிறார்கள். அது கிரேக்கச் சொல். ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் உடம்பில் குத்திய அடையாளத்துக்கு அந்தக் காலத்தில் அந்தப் பெயர். அடிமைகளின் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசவும் அதே சொல் வந்து நிற்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. தமிழில் களங்கம், இழுக்கு என்று சொல்கிறோம்.

இந்த இழுக்கு மூன்று இடங்களில் குடியிருக்கிறது. ‘அவன் ஒரு மாதிரி’ என்று ஊர் பேசுவது ஒன்று. ஊர் ஒன்றும் பேசாதபோதே, ‘நான்தான் தெம்பில்லாதவன்’ என்று ஒருவர் தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, மருத்துவமனையும் காப்பீடும் போலீசும் அவரை நடத்தும் விதத்திலேயே அந்தக் கறை படிந்திருப்பது. பொதுவாக முதல் இரண்டைத்தான் பேசுவார்கள். ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று நம் ஊரில் சொல்வதைப் போல அங்கேயும் சொல்கிறார்கள், அதனால் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று விளக்கி முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் கறுப்பின ஆண்கள் விஷயத்தில் மூன்றாவதைப் பார்க்காமல் மற்ற இரண்டும் விளங்காது என்பது என் எண்ணம். அவர்களுடைய மௌனத்தில் வெட்கம் பாதி என்றால், பட்டறிவு மீதி.

முதலில் சில எண்கள். அமெரிக்க அரசின் உடல்நலக் கணக்கெடுப்பில் 2010 முதல் 2013 வரை 18 முதல் 44 வயதுள்ள ஆண்களிடம் கேட்டார்கள். தினமும் பதற்றமோ மனச்சோர்வோ இருப்பதாகச் சொன்னவர்கள் வெள்ளையரில் 8.5 சதவீதம். கறுப்பின ஆண்களிலும் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) ஆண்களிலும் 6.1 சதவீதம். இதைப் பார்த்து, பரவாயில்லையே என்று தோன்றும். அடுத்த வரி அப்படியில்லை. இருப்பதாக ஒத்துக்கொண்டவர்களில் மருந்து எடுத்தவர்கள் அல்லது நிபுணரிடம் பேசியவர்கள் வெள்ளையரில் 45.4 சதவீதம், மற்ற இரு பிரிவினரில் 26.4 சதவீதம்.

டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த கணக்கு அது. வாழ்நாளில் ஒரு தடவையாவது கடும் மனச்சோர்வு வந்தவர்கள் வெள்ளையரில் 17.9 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4 சதவீதம். ஆனால் வந்தவர்களில் அது விடாமல் நீடித்தது வெள்ளையரில் 38.6 சதவீதத்தினருக்கு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் சுமார் 56 சதவீதத்தினருக்கு. குறைவான பேருக்கு வருகிறது, வந்தால் போக மாட்டேன் என்கிறது. கவனிக்காமல் விட்ட புண் போல.

குறைவாக வருகிறது என்பதிலும் ஒரு சந்தேகம் உண்டு. மருத்துவரின் கேள்வித்தாள் ‘சோகமாக இருக்கிறதா, நம்பிக்கையற்றுப் போகிறதா’ என்று கேட்கும். சோகமாக இருக்கிறது என்று சொல்லிப் பழகாத மனிதருக்கு அது சோகமாக வருவதில்லை. சள்ளென்று எரிந்து விழுவதாக, தூங்காத இரவாக, முதுகுவலியாக, ஓயாத வேலையாக, ஒரு பெக் கூடுதலாக வருகிறது. அவர் கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டு, முதுகுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இந்த ‘ஓயாத வேலை’க்கு ஒரு பெயரே இருக்கிறது: ஜான் ஹென்றியிசம். அமெரிக்க நாட்டுப்புறக் கதையில் ஜான் ஹென்றி ஒரு கறுப்பினத் தொழிலாளி. ரயில் சுரங்கம் வெட்டப் பாறையில் சம்மட்டியால் துளை போடுகிறவர். நீராவி இயந்திரம் வந்து வேலையைப் பறிக்கப் பார்க்கிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு, சம்மட்டி கையில் இருக்க, செத்து விழுகிறார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்கத்தைக் காட்டி, இதுதான் அது என்கிறார்கள்.

1970-களின் கடைசியில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின நோய்ப்பரவலியலாளர் வட கரோலினாவில் ஓய்வுபெற்ற ஒரு விவசாயியைச் சந்தித்தார். இரண்டாம் வகுப்பு வரை படித்தவர், குத்தகைக் கூலியின் மகன். குத்தகை விவசாயத்தின் கடன் வலையிலிருந்து மீள வேண்டும் என்று ராப்பகலாக உழைத்து, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டவர். ஐம்பதுகளில் அவருக்கு ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப்புண் எல்லாம் சேர்ந்து வந்தன. புண் முற்றி வயிற்றில் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய முழுப்பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். ஜேம்ஸுக்குப் பொறிதட்டியது. எவ்வளவு தடை வந்தாலும் இன்னும் கொஞ்சம் முயன்றால் போதும் என்று உடம்பை அடகு வைத்து ஓடுகிற குணத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். கையில் வசதி இருக்கிறவருக்கு இந்தக் குணம் பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. இல்லாதவரிடம்தான் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது அவர் ஆய்வுகள் காட்டிய போக்கு.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பேசாமல் தாங்கிக்கொள்வது அங்கே வெறும் ஆண்பிள்ளைத் திமிர் கிடையாது. பல தலைமுறைகளை உயிரோடு வைத்த திறமை அது. அதைப் போய் ‘தவறான பழக்கம், விட்டுவிடு’ என்று ஒருவரிடம் சொன்னால் அவர் ஏன் கேட்பார்?

சரி, அந்த மூன்றாவது இடத்துக்கு வருவோம்.

1840-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல்முறையாக மனநலம் குன்றியவர்களை இனவாரியாக எண்ணியது. வடக்கே சுதந்திரமாக வாழும் கறுப்பினத்தவரிடம் மனநோய் மிக அதிகம், தெற்கே அடிமைகளிடம் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. அடிமை முறையை ஆதரித்த அரசியல்வாதி ஜான் கால்ஹூன் அதைத் தூக்கிக்கொண்டு, சுதந்திரம் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வாதாடினார். கணக்கே தப்பு. மாசசூசெட்ஸில் வூஸ்டர் மனநலக் காப்பகத்தில் இருந்த 133 வெள்ளை நோயாளிகளைக் கறுப்பினத்தவர் பத்தியில் எழுதியிருந்தார்கள். சில ஊர்களில் மொத்தக் கறுப்பின மக்களை விட மனநோயாளிகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தது! கிளாஸ்கோவில் மருத்துவம் படித்த கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித் இதையெல்லாம் பிரித்துக் காட்டினார். ஆனாலும் அரசு கணக்கைத் திருத்தவில்லை.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தெற்கத்தி மருத்துவர் ‘டிரேப்டோமேனியா’ என்று ஒரு நோயைக் கண்டுபிடித்தார். அடிமை தப்பி ஓட நினைப்பதுதான் நோய். சவுக்கடி சிகிச்சை. இன்று படித்தால் சிரிப்பு வரும். அன்று அது மருத்துவ இதழில் வந்த கட்டுரை.

பிறகு தனிக் காப்பகங்கள் வந்தன. மேரிலாந்தில் 1911-இல் தொடங்கிய கிரவுன்ஸ்வில் மருத்துவமனையில் காட்டைத் திருத்திக் கட்டடம் எழுப்பியவர்கள் அங்கே அனுப்பப்பட்ட நோயாளிகளேதான். அது 2004 வரை நடந்தது.

1960-களில் இன்னொரு திருப்பம். மிச்சிகனில் அயோனியா என்ற ஊரில் இருந்த அரசு மனநல மருத்துவமனையின் பழைய கோப்புகளை ஜோனதன் மெட்ஸல் என்ற மனநல மருத்துவர் பின்னாளில் அலசினார். முன்பெல்லாம் மனச்சிதைவு நோய் என்று எழுதப்பட்டவர்களில் வெள்ளையர் அதிகம், குறிப்பாகப் பெண்கள். கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில் அந்தப் பெயர் டெட்ராய்ட்டிலிருந்து வந்த கறுப்பின ஆண்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. 1968-இல் வந்த நோய்க் கையேட்டில் பகைமையும் முரட்டுத்தனமும் அந்த நோயின் ஒரு வகைக்கு அறிகுறிகளாக இடம்பெற்றன. 1974-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஹால்டால் மருந்து விளம்பரத்தில் இருந்த படம், முஷ்டியை மடக்கி நிற்கும் கோபக்காரக் கறுப்பின மனிதர். மனச்சிதைவு என்றால் டாக்டர் யாரை நினைக்க வேண்டும் என்று படமே பாடம் எடுத்துவிட்டது.

அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை. 2019-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,657 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, கடும் மனச்சோர்வு இருந்த கறுப்பின நோயாளிகளை மனச்சிதைவு என்று தவறாகக் கணிப்பது வெள்ளையரை விட அதிகமாக நடப்பது தெரிந்தது. உள்ளே சோர்ந்து போன மனிதர் சலிப்போடு எரிந்து பேசுகிறார். எதிரே இருப்பவருக்கு ஆபத்தான ஆளாகத் தெரிகிறார். இரண்டுக்கும் மருந்து வேறு, பக்கவிளைவும் வேறு.

டஸ்கீகி ஆய்வு பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஆனால் அது மனநோய் சம்பந்தப்பட்டதல்ல. 1932 முதல் 1972 வரை அலபாமாவில் மேக்கன் கவுண்டியில் அரசு பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு. அவர்களுக்கு நோயை ஊசி போட்டு ஏற்றினார்கள் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. 399 பேருக்கு ஏற்கெனவே சிபிலிஸ் இருந்தது. ‘கெட்ட ரத்தம்’ என்று பூசி மெழுகி, பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அதிபர் கிளின்டன் 1997-இல் மன்னிப்புக் கேட்டார். டாக்டரிடம் உள்ளதைச் சொல் என்று ஒரு தாத்தாவிடம் பேரன் சொல்லும்போது, தாத்தாவின் மனசில் ஓடுவது இதுதான்.

இத்தனையையும் தாண்டி ஒருவர் சரி, போனைப் போடலாம் என்று முடிவெடுத்தால்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹெதர் குகல்மாஸ் என்ற ஆய்வாளர் நியூயார்க்கில் 320 உளவியல் ஆலோசகர்களுக்கு நடிகர்களின் குரலில் செய்தி விடச் செய்தார். 2016-இல் வந்த முடிவு: வார நாளில் மாலை நேரம் கிடைக்க, நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண் ஐந்து பேரைக் கூப்பிட்டால் போதும். உழைக்கும் வர்க்கக் கறுப்பின ஆண் 80 பேரைக் கூப்பிட வேண்டும். பேச்சு வழக்கைக் கேட்டே ஆளைக் கணித்துவிட்டு, திரும்பக் கூப்பிடாமலே இருந்துவிட்டார்கள். உதவி கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று இனி யாராவது சொன்னால் இந்த எண்பதை நினைத்துக்கொள்ளலாம். உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலைமை கைமீறும்போது இன்னும் மோசம். 2020 மார்ச்சில் ராசெஸ்டர் நகரில் டேனியல் புரூட் என்பவர் மனநிலை தடுமாறி வீட்டை விட்டு ஓட, அவருடைய அண்ணன் உதவிக்குப் போன் செய்தார். வந்தது போலீஸ். தலையில் உறையை மாட்டித் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் டேனியல் இறந்துபோனார். இதைச் செய்தியில் பார்த்த எந்தக் குடும்பம் அடுத்த முறை துணிந்து போனை எடுக்கும்? அதே ஆண்டு ஜூனில் டென்வர் நகரம் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மனநலப் பணியாளரும் மருத்துவ உதவியாளரும் வேனில் போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க மனநல நெருக்கடியில் கூப்பிட 988 என்ற மூன்றிலக்க எண் இருக்கிறது. இங்கிலாந்திலும் கதை வேறில்லை. மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அனுமதிக்கப்படுவது வெள்ளையரை விடக் கறுப்பினத்தவருக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

தேவாலயத்தைப் பற்றிப் பேசும்போது பலர் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். ‘ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே ஆட்களைத் தடுத்தது என்பார்கள். அப்படியும் நடந்தது. ஆனால் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியைப் பாருங்கள். 1946-இல் அங்கே செயின்ட் பிலிப்ஸ் தேவாலயம் தன் அடித்தளத்தில் இடம் கொடுக்க, லஃபார்க் கிளினிக் என்ற மனநல மருத்துவமனை தொடங்கியது. மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தமும் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் பின்னால் நின்றார்கள். கட்டணம் 25 சென்ட். இல்லையென்றால் அதுவும் வேண்டாம். கறுப்பினத்தவர் மனநல மருத்துவரிடம் வர மாட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஆட்கள் வரிசையில் வந்தார்கள். 1958-இல் மூடிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2016-இல், அதே ஹார்லெமில் ஃபர்ஸ்ட் கொரிந்தியன் பாப்டிஸ்ட் தேவாலயம் இலவச ஆலோசனை மையம் ஒன்றைத் திறந்தது.

கடைசியாக, முடிதிருத்தும் கடை. கறுப்பினத்தவரின் சலூன் வெறும் முடி வெட்டும் இடமில்லை. வெள்ளையரின் ஓட்டலில் அவர்கள் உட்கார முடியாத காலத்திலேயே அது அவர்களுக்குச் சொந்தமான இடம். அரசியல், ஆட்டம், வீட்டுச் சண்டை எல்லாம் அங்கே ஓடும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 52 சலூன்களுக்கு வரும் 319 கறுப்பின ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு மருந்தாளுநரே சலூனுக்கு வந்து ரத்தக்கொதிப்புக்கு மருந்து கொடுத்தார். மற்றவர்களுக்கு, டாக்டரைப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் குழுவின் மேல் அழுத்தம் 27 புள்ளி இறங்கியது. இரண்டாவது குழுவுக்கு 9 புள்ளிதான். இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி ஆட்கள்தான். மருந்து கிடைத்த இடம்தான் மாறியது.

ரத்த அழுத்தத்துக்குப் பலித்தது மனசுக்கும் பலிக்குமா என்று பார்க்கிறவர்களில் ஒருவர் லொரென்சோ லூயிஸ். ஆர்க்கன்சாவில் 2016-இல் ‘கன்ஃபெஸ் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முடிதிருத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்களை டாக்டராக்குவது நோக்கமில்லை. குறுக்கே பேசாமல் கேட்பது, ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று தட்டிக்கழிக்காமல் இருப்பது, எந்த நேரத்தில் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது, இவ்வளவுதான்.

சலூன் நாற்காலியில் ஒரு வசதி உண்டு. பேசுகிறவர் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிதிருத்துபவர் கழுத்தருகே கத்தி வைத்தே பழகியவர். பல வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிற அதே மனிதர். எப்படி இருக்கே என்று கேட்கிறார். நல்லாத்தான் இருக்கேன் என்று பதில் வருகிறது. மெஷினை நிறுத்திவிட்டு, ‘சரி, நிஜமா எப்படி இருக்கே?’ என்று இன்னொரு முறை கேட்கிறார்.